"என் கேரக்டருக்கு இது தெரியுமா?": ஐம்பது வருஷமா முடியாத ஒரு டேபிள் சண்டை

இன்னைக்கு வரலாறு எபிசோட். ஆனா கோட்டை, கல்வெட்டு, செப்பேடு எதுவும் கிடையாது. ஒரு டேபிள், அதைச் சுத்தி அஞ்சு பேர், கொஞ்சம் டைஸ். அந்த டேபிள்ல ஐம்பது வருஷமா திரும்பத் திரும்ப வர்ற ஒரு கேள்வி இருக்கு, அதோட வரலாறு. முதல்ல நான் சொதப்பின கதையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம், வேளச்சேரியில எங்க ஃபிளாட். சனிக்கிழமை ராத்திரி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடிட்டு இருந்தோம். நான்தான் டன்ஜன் மாஸ்டர். இதுவரைக்கும் ஆடாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடுறேன். ஒருத்தர் கதையை நடத்துவார். அந்த உலகத்துல இருக்குற பூதம், வில்லன், கடைக்காரர் எல்லாரும் அவர் பொறுப்பு. மத்தவங்க ஆளுக்கு ஒரு கேரக்டரை எடுத்துக்கிட்டு "நான் இதைப் பண்றேன்"னு சொல்லுவாங்க. அது நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வந்தா 20 முகம் உள்ள டைஸை உருட்டுவோம். அவ்வளவுதான்.

எங்க குரூப்புக்குப் புதுசா வந்தவ என் காலேஜ் ஜூனியர். அவ எடுத்தது கிளெரிக், அதாவது தெய்வத்தோட அருளால மந்திரம் போடுற பூசாரி. கடல் தெய்வத்தோட பூசாரின்னு முடிவு பண்ணி, மூணு பக்கத்துக்குக் கதை எழுதிட்டு வந்திருந்தா. எந்த ஊர்க் கோயில், எத்தனை வயசுல அங்க கொண்டுவந்து விட்டாங்க, விடியக்காலையில என்ன பூசை, எல்லாமே.

ஆட்டத்துல ஒரு பாழடைஞ்ச கோயில் வந்தது. உள்ள கை உடைஞ்ச ஒரு சிலை. "அண்ணா, இது எந்தச் சாமி?"ன்னு கேட்டா. நான் யோசிக்கவே இல்லை. "ரிலிஜன் செக் போடு." உருட்டினா. 3. "உனக்குத் தெரியல"ன்னுட்டேன். பக்கத்துல விசார்ட் ஆடிட்டு இருந்தவனோட கேரக்டர் சாமியே இல்லைன்னு சொல்ற ஆள். "மச்சான், நானும் போடட்டா?"ன்னான். 18. என் நோட்ஸ்ல எழுதி வெச்சிருந்த ரெண்டு பத்தியை அவனுக்குப் படிச்சுக் காட்டினேன். அவ சிரிச்சுட்டே "பூசாரி நான்தானே?"ன்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சோம். அதுக்கப்புறம் அன்னைக்கு ராத்திரி அவ பெருசா எதுவும் பேசல. அடுத்த ரெண்டு சனிக்கிழமையும் வரல.

விதிப்படி பார்த்தா நான் பண்ணினது நூத்துக்கு நூறு சரி. அதுதான் உறுத்திச்சு. கோட் ஓடும், எரர் எதுவும் வராது, ஆனா அவுட்புட் மட்டும் தப்பா இருக்கும் இல்லையா, அந்த மாதிரி. அப்படி ஒரு பக் வந்தா நாம என்ன பண்ணுவோம்? இந்த வரியை யாரு, எப்போ, எதுக்காக எழுதினாங்கன்னு பழைய கமிட் எல்லாத்தையும் தோண்டுவோம். நானும் தோண்டினேன். "என் கேரக்டருக்கு இது தெரியுமா?"ங்கிற கேள்வி எங்க ஆரம்பிச்சதுன்னு தேடிப் போனா, பிரஷ்யா ராணுவத்துல கொண்டுபோய் நிறுத்துது.

1824. ரைஸ்விட்ஸ்னு ஒரு இளம் பீரங்கிப்படை அதிகாரி. அவரோட அப்பா 1812ல ராஜாவுக்காகச் செஞ்ச ஒரு போர் விளையாட்டை மாத்தி அமைச்சு, 'கிரீக்ஸ்ஷ்பீல்'ங்கிற பேர்ல வெளியிட்டார். உண்மையான நில வரைபடம், படைகளுக்குப் பதிலா சின்னச் சின்னக் கட்டைகள், சேதத்தைக் கணக்குப் போட டைஸ். செஸ்ஸுக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. செஸ்ல எதிராளியோட குதிரை எங்க நிக்குதுன்னு கண்ணு முன்னாடி தெரியும். இங்க நடுவர்னு ஒருத்தர் இருந்தார். மலைக்குப் பின்னாடி இருக்குற படை உங்க கண்ணுக்குப் படாதுன்னா, அந்தக் கட்டையை அவர் வரைபடத்துல வைக்கவே மாட்டார். உத்தரவை எழுதிக் குடுக்கணும். அது போய்ச் சேர ஆகுற நேரத்தையும் அவர்தான் கணக்குப் பண்ணுவார். தலைமைத் தளகர்த்தரா இருந்த ஃபான் மியூஃப்ளிங் இதைப் பார்த்து அசந்துபோய், ராணுவம் முழுக்க இதை ஆடணும்னு பரிந்துரை பண்ணினார்.

நம்ம டன்ஜன் மாஸ்டரோட கொள்ளுத்தாத்தா அந்த நடுவர்தான். யாருக்கு எது தெரியும், எது தெரியாதுங்கிறது அவரோட அதிகாரம். இன்னொரு விஷயமும் அங்கேயே நடந்துடுச்சு. 1876ல வெர்டி டு வெர்னுவாங்கிற அதிகாரி, இந்த அட்டவணை, டைஸ் எல்லாம் வேண்டாம், அனுபவம் உள்ள நடுவர் பார்த்துத் தீர்ப்புச் சொன்னா போதும்னு எழுதினார். விதியா, நடுவரோட அறிவாங்கிற சண்டை அப்பவே ஆரம்பிச்சாச்சு. இன்னைக்கு ரெட்டிட்ல அடிச்சுக்குறவங்களுக்கு இது தெரிஞ்சா கொஞ்சம் ஆறுதலா இருக்கும்.

ஆனா ஒண்ணு. அங்க ஆடினவரும் ராணுவ அதிகாரி, அவர் ஆடின பாத்திரமும் ராணுவ அதிகாரி. ஆடுறவருக்குத் தெரிஞ்சதுதான் பாத்திரத்துக்கும் தெரியும். ரெண்டுக்கும் நடுவுல இடைவெளியே இல்லை.

அந்த இடைவெளி திறந்தது அமெரிக்காவுல. மினசோட்டா மாநிலத்து இரட்டை நகரங்கள்ல டேவிட் வெஸ்லின்னு ஒருத்தர், ஸ்ட்ரேட்டகோஸ்ங்கிற 1880ஆம் வருஷத்து அமெரிக்க ராணுவ விளையாட்டுப் புத்தகத்தைப் படிச்சுட்டு, நடுவர் வெச்சு ஆடுற போர் விளையாட்டுகளை நடத்திட்டு இருந்தார். 1969ல அவர் 'பிரவுன்ஸ்டைன்'னு ஒரு கற்பனை ஊரை உருவாக்கினார். அதுல படைத்தளபதி மட்டும் இல்லை. ஒருத்தர் மேயர், ஒருத்தர் பேங்க்காரர், ஒருத்தர் பல்கலைக்கழகத் தலைவர். அந்தக் கூட்டத்துல ஆடின டேவ் ஆர்னசன், ஊரை எடுத்துட்டு மாயக்கோட்டையும் பாதாளச் சுரங்கமும் வெச்சு 'பிளாக்மூர்' நடத்தினார். அவரும் விஸ்கான்சின் மாநிலம் லேக் ஜெனீவாவுல இருந்த கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974ல வெளியிட்டதுதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். பெட்டிக்குள்ள மூணு சின்னப் புத்தகம்.

அந்த மூணு புத்தகத்துல "உனக்குத் தெரியுமா"ன்னு டைஸ் போடுற விதியே கிடையாது. இன்டெலிஜென்ஸ்னு ஒரு எண் இருந்தது. அது மந்திரவாதிக்கு உதவும், எத்தனை மொழி தெரியும்னு சொல்லும். ஒரு கேரக்டர் இந்த வேலையைப் பண்ணுவாரா மாட்டாரான்னு நடுவர் முடிவு பண்றப்போ அந்த எண்ணையும் மனசுல வெச்சுக்கலாம்னு ஒரு குறிப்பு. அவ்வளவுதான். மத்தபடி உங்களுக்குத் தெரிஞ்சா கேரக்டருக்குத் தெரியும். கேரக்டர் செத்தா இன்னொண்ணு உருவாக்குங்க. முன்னாடி கத்துக்கிட்டது உங்க தலைக்குள்ள இருக்கும்.

டிரோல்னு ஒரு பூதம். வெட்டினா காயம் தானா ஆறிடும். தீயோ அமிலமோ வேணும். இது பழைய நார்டிக் கதையில இருந்து நேரா வந்தது இல்லை, போல் ஆண்டர்சனோட ஒரு நாவல்ல இருந்து எடுத்தது. அந்த நாவலைப் படிச்சவனுக்கு முதல் நாளே தெரியும். படிக்காதவன் ஒரு கேரக்டரைப் பலி குடுத்துத் தெரிஞ்சுக்குவான். அதுக்கப்புறம் யாருக்கும் அது ரகசியம் இல்லை.

அங்கதான் சிக்கல். ரகசியம் ஒரு தடவைதான் வேலை செய்யும். அதனால டன்ஜன் மாஸ்டர்களுக்கு எப்பவும் புதுச் சரக்கு தேவைப்பட்டது. கைகாக்ஸ் டேபிள்ல பிளாஸ்டிக் பொம்மைப் பாக்கெட்ல இருந்து எடுத்த விநோத உருவங்கள் பூதமா மாறினது அப்படித்தான். தொட்டா இரும்புக் கவசம் துருப்பிடிச்சு உதிர்ந்துபோற 'ரஸ்ட் மான்ஸ்டர்' 1975ல வந்தது. அதே வருஷம் ஆரிஜின்ஸ் மாநாட்டுல கைகாக்ஸ் நடத்தின 'டூம்ப் ஆஃப் ஹாரர்ஸ்', கேரக்டரோட பலத்தைச் சோதிக்கிற ஆட்டம் இல்லை, டேபிள்ல உக்காந்திருக்குற மனுஷனோட மூளையைச் சோதிக்கிறது. சுவத்துல பச்சை நிறத்துல ஒரு பேய் முகம், வாய் திறந்திருக்கும், உள்ள கும்மிருட்டு. உள்ள போனவன் காலி. ஸ்பாய்லருக்கு மன்னிக்கணும், ஆனா ஐம்பது வருஷம் ஆச்சு.

1977ல டிஎஸ்ஆர் கம்பெனி மான்ஸ்டர் மேனுவலை கெட்டி அட்டைப் புத்தகமா வித்தது. யார் வேணும்னாலும் வாங்கலாம். ரகசியமா இருக்க வேண்டியதை எல்லாம் அச்சடிச்சுக் கடையில வெச்சுட்டு, 1979ல வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடோட முன்னுரையில கைகாக்ஸ், ஆடுறவன் எவனாவது இந்தப் புத்தகத்தை வெச்சிருந்தா அவன் கௌரவமான சாவுக்குக்கூட லாயக்கு இல்லாதவன்ங்கிற தொனியில எழுதினார். வேடிக்கை என்னன்னா, அந்தப் புத்தகத்துலயே இந்தக் கேள்விக்கு விரிவான ஓர் அட்டவணை இருக்கு. எந்தத் துறையில எத்தனை சதவீதம் தெரிஞ்சிருக்கும்னு கணக்கு. ஆனா அது நம்ம கேரக்டருக்கு இல்லை. காசு குடுத்து வேலைக்கு வெச்சுக்குற அறிஞருக்கு! நாயகர்கள் வாளைத் தூக்கணும். படிக்கிறதுக்கு ஆள் வெச்சுக்கலாம்.

இதைத் தலைகீழா புரட்டிப் போட்டது 1981ல கேயாசியம் கம்பெனிக்காக சேண்டி பீட்டர்சன் எழுதின 'கால் ஆஃப் துலூ'. வாள், மந்திரவாதி இல்லை. 1920கள்ல வாழுற பேராசிரியர், பத்திரிகைக்காரர் மாதிரி சாதாரண ஆளுங்க, லவ்கிராஃப்ட் கதைகள்ல வர்ற பிரபஞ்ச பயங்கரங்களை எதிர்த்து நிக்கணும். இடைவெளி இங்க ரெண்டு பக்கமும் இருக்கு. டேபிள்ல இருக்குறவன் லவ்கிராஃப்ட்டைக் கரைச்சுக் குடிச்சிருப்பான், அவனோட கேரக்டருக்கு ஒண்ணும் தெரியாது. அதே சமயம் கேரக்டருக்கு லத்தீன் தெரியும், தொல்லியல் தெரியும், ஆடுறவனுக்குத் தெரியாது. அதனால 'படிப்பு'ன்னு ஓர் எண் குடுத்தாங்க. அதை அஞ்சால பெருக்கினா வர்ற சதவீதம்தான் ஒரு பொது விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பு. நூலகத்துல தேடத் தெரியுமாங்கிறதே தனித் திறமை. நாலு மணி நேரம் பழைய பேப்பரைப் புரட்டுறதும் சாகசம்தான்னு சொன்ன ஆட்டம் இது.

எனக்கு இந்த மொத்த வரலாற்றுலயும் ரொம்பப் பிடிச்ச விதி இதுலதான் இருக்கு. 'துலூ மித்தாஸ்'ங்கிற திறமை, அதாவது அந்தப் பயங்கர உண்மைகளைப் பத்தின அறிவு, எல்லாருக்கும் பூஜ்யத்துல ஆரம்பிக்கும். அது ஏற ஏற, உங்க மனநிலை அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாங்கிற எல்லை இறங்கும். 99ல இருந்து அந்த அறிவைக் கழிச்சா என்ன மிச்சமோ அதுதான் எல்லை. தெரிஞ்சுக்குறதுக்கு விலை இருக்கு. 'தெரியுமா'ன்னு கேக்குறதோட நிக்காம 'தெரிஞ்சா என்ன ஆகும்'னு கேட்ட விதி.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த விஷயத்துல மெதுவாத்தான் நகர்ந்தது. 80கள்ல வந்த துணைப் புத்தகங்கள், 1989ல ரெண்டாம் பதிப்பு. பழங்கால வரலாறு, மூலிகை, சமயம்னு திறமைகள் வந்தது, ஆனா 'வேணும்னா வெச்சுக்கோங்க' வகையில. அதைத் தாண்டிப் போயிடலாம்.

ஏன்னா அடுத்து வர்றதுதான் நான் வளர்ந்த வீடு. டிஎஸ்ஆரை 1997ல விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வாங்கினது. 2000ல மூணாம் பதிப்பு, ஜோனதன் ட்வீட், மான்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் எழுதினது. கூடவே ஆட்டத்தோட அடிப்படை விதிகளைத் திறந்த உரிமத்துல வெளியிட்டாங்க. நம்ம ஓப்பன் சோர்ஸ் மாதிரியே. இன்ஜினியரிங் ஹாஸ்டல்ல, செமஸ்டருக்கு முந்தின நாள் ராத்திரி, பைசா செலவில்லாம அதைப் படிச்சுக்கிட்டு இருந்தவன் நான். புத்தகம் இறக்குமதி பண்ணி வாங்குற வசதி எங்க யாருக்கும் கிடையாது. அந்த உரிமம் இல்லைன்னா இந்த எபிசோடே இல்லை.

அதுல 'நாலெட்ஜ்'ங்கிறது முழு ஏற்பாட்டோட வந்தது. 2003ஆம் வருஷத்துத் திருத்தப் பதிப்புல பத்துத் துறை: மந்திரம், கட்டடக்கலை, பாதாளம், புவியியல், வரலாறு, உள்ளூர் விவரம், இயற்கை, அரச குலங்கள், சமயம், மேலுலகங்கள். ஒரு பூதத்தை அடையாளம் கண்டுபிடிக்க நீங்க எட்ட வேண்டிய எண்: 10, அதோட பூதத்தோட 'ஹிட் டைஸ்' எண்ணிக்கையைக் கூட்டிக்கணும். அதைவிட அஞ்சு அதிகமா வந்தா இன்னொரு தகவல். ஒரு தடவை தோத்தா திரும்ப முயற்சி பண்ண முடியாது. படிக்காத ஒண்ணை ரெண்டாவது தடவை யோசிச்சா மட்டும் எப்படித் தெரியும்னு விளக்கம். படிச்சப்போ எழுந்து நின்னு கை தட்டலாம்னு தோணிச்சு. எவ்வளவு சுத்தமான ஃபங்ஷன்!

சுத்தமான ஃபங்ஷன்தான், டெஸ்ட் கேஸ் போட்டுப் பார்க்காத வரைக்கும். குட்டிச் சிவப்பு டிராகனுக்கு ஹிட் டைஸ் 7, அதனால எண் 17. வளர்ந்த சிவப்பு டிராகனுக்கு 22, அதனால 32. ஊரையே எரிச்சு, நாடோடிப் பாட்டுல எல்லாம் பேர் வாங்கின பெரிய டிராகனை அடையாளம் காணுறது, எங்கேயோ முட்டையில இருந்து நேத்து வந்த குட்டியை அடையாளம் காணுறதைவிடக் கஷ்டம். இன்னொண்ணு: பயிற்சி இல்லாதவங்க 10க்கு மேல இருக்குற எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல முடியாது. சாதாரணக் குதிரைக்கு ஹிட் டைஸ் 3. எண் 13. அப்போ எழுத்துக்கு எழுத்து படிச்சா, வாழ்க்கை முழுக்க வயல்ல நின்ன விவசாயிக்குக் குதிரையைப் பார்த்தா குதிரைன்னு தெரியாது. 2009ல பைசோ கம்பெனியோட 'பாத்ஃபைண்டர்' இதைக் கொஞ்சம் சரி பண்ணினது. எல்லாருக்கும் தெரிஞ்ச பூதம்னா 5ல ஆரம்பி, அபூர்வம்னா 15ல ஆரம்பின்னு.

கிண்டல் பண்ணிட்டேன், ஆனா இந்த விதிக்காக ஒரு வார்த்தை பேசியே ஆகணும். "டிரோலுக்குத் தீ வைக்கணும்னு எல்லாருக்கும் தெரியுமே"ன்னு சீனியர் பசங்க சொல்லுவாங்க. எந்த எல்லாருக்கும்? நான் முனிக்கும் கொள்ளிவாய்ப் பிசாசுக்கும் பயந்து வளர்ந்தவன். டோல்கீன் பேரையே காலேஜ்ல வந்துதான் கேள்விப்பட்டேன். முதல் தடவை ஆடின அன்னைக்கு, மத்த மூணு பேரும் எந்தப் பூதம் வந்தாலும் அதோட பலவீனத்தை நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே சொல்லிட்டு இருந்தாங்க. என் கேரக்டர் பேர் பெத்த அறிஞன். நான் பேந்தப் பேந்த முழிச்சுட்டு இருந்தேன். அப்போ டன்ஜன் மாஸ்டர், "நீ நாலெட்ஜ் போடு"ன்னார். போட்டேன், பெரிய எண் விழுந்தது, அவர் எனக்கு மட்டும் ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தார். அந்த ராத்திரி நான் அறிஞனா இருந்தேன். எந்தப் புத்தகமும் படிக்காதவனுக்கும் அறிஞனா ஆட உரிமை குடுத்தது அந்த டைஸ்தான்.

அதே டைஸ் இன்னொரு கூத்தையும் கொண்டுவந்தது. டேபிள்ல இருக்குற அஞ்சு பேருக்கும் டிரோல் ரகசியம் தெரியும். டைஸ் போட்டா யாருக்கும் விழல. இப்போ எல்லாரும் தெரியாத மாதிரி நடிக்கணும். கையில தீப்பந்தத்தை வெச்சுக்கிட்டே மூணு ரவுண்டு வாளால வெட்டி, "ஐயோ, காயம் ஆறுதே!"ன்னு ஆச்சரியப்பட்டு, அப்புறம் யாராவது 'தற்செயலா' பந்தத்தைத் தவறவிடணும். 2019ல வந்த பாத்ஃபைண்டர் ரெண்டாம் பதிப்பு இந்த நடிப்பை ஒழிக்க ஒரு வழி பண்ணினது. டன்ஜன் மாஸ்டரே மறைச்சு உருட்டணும். ரொம்ப மோசமா விழுந்தா பொய்யான தகவலைக் குடுக்கணும். நான் முயற்சி பண்ணிப் பார்த்தேன். பொய் சொல்றப்போ எனக்குச் சிரிப்பு வந்துடுது. அந்தப் பதிப்பைத் திருத்தி 2023ல வெளியிட்டப்போ, ஆடுறவர் முதல்ல ஒரு கேள்வி கேக்கணும், பதில் அந்தக் கேள்விக்குன்னு தெளிவாக்கினாங்க. 'உனக்கு என்ன தெரியும்'னு பொதுவா கேக்காம, 'நீ எதைத் தெரிஞ்சுக்கணும்'னு கேக்குறது. அது நல்ல மாற்றம்.

இந்த நேரத்துக்குள்ள வேற சிலர் கேள்வியையே மாத்திட்டாங்க. ராபின் லாஸ் 2007 வாக்குல 'கம்ஷூ'ங்கிற விதிமுறையைக் கொண்டுவந்தார். துப்பறியும் கதை ஆடுறப்போ, முக்கியமான துப்பு டைஸ் சரியா விழாததால கிடைக்கலைன்னா கதையே நின்னுடும் இல்லையா? கால் ஆஃப் துலூ ஆடினவங்க எல்லாருக்கும் அந்த வலி தெரியும். நூலகத்துல உருட்டினேன், தோத்தேன், இப்போ என்ன பண்றது? லாஸ் சொன்னது: சரியான திறமை உள்ளவர் சரியான இடத்துல தேடினா துப்பு கிடைச்சே தீரும், டைஸே வேண்டாம். கிடைச்ச துப்பை வெச்சு என்ன முடிவுக்கு வர்றீங்கங்கிறதுதான் ஆட்டம். துப்பறியும் நாவல்ல துப்பறிவாளர் துப்பைத் தவறவிடுறதால கதை சுவாரசியமா இருக்குறது இல்லையே. 2008ல கென்னத் ஹைட், லவ்கிராஃப்ட் உலகத்தையே இந்த விதிக்கு மாத்தி 'டிரெயில் ஆஃப் துலூ' எழுதினார். அதே 2008ல மேட் ஃபின்ச் ஒரு சின்னக் கையேடு போட்டு, வாங்க, 1974க்கே திரும்பிப் போகலாம், கேரக்டர் ஷீட்டைப் பார்க்காதீங்க, மூளையைப் பயன்படுத்துங்கன்னார். ஒரே நோய்க்கு ஒரே வருஷத்துல எதிரெதிர் மருந்து.

2012ல 'டன்ஜன் வேர்ல்ட்'. இதுலயும் டைஸ் உண்டு, ரெண்டு ஆறுமுக டைஸ். 10க்கு மேல வந்தா டன்ஜன் மாஸ்டர் சுவாரசியமான, உங்களுக்கு உடனே உதவுற ஒரு விஷயத்தைச் சொல்லணும். 7ல இருந்து 9 வந்தா சுவாரசியமானதை மட்டும் சொன்னா போதும். அதை உபயோகமாக்கிக்கிறது உங்க பாடு. ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு சின்ன வரி இருக்கு. டன்ஜன் மாஸ்டர் உங்களைத் திருப்பிக் கேக்கலாம்: இது உனக்கு எப்படித் தெரியும்? நீங்க உண்மையைச் சொல்லணும். அதாவது, இட்டுக்கட்டணும். "எங்க பாட்டி இந்த மாதிரி ஒண்ணை வளர்த்தா"ன்னு நீங்க சொன்னா, அந்த உலகத்துல இனிமே அப்படி ஒரு பாட்டி இருக்கா.

மூணாம் பதிப்பு எழுதின மூணு பேர்ல ஒருத்தர் ஜோனதன் ட்வீட்னு சொன்னேன் இல்லையா? பத்துத் துறைப் பட்டியல் வளர்ந்த அந்தப் பதிப்போட ஆள். அவர் 2013ல ராப் ஹைன்ஸூவோட சேர்ந்து '13த் ஏஜ்' எழுதினப்போ திறமைப் பட்டியலையே தூக்கிட்டார். 8 புள்ளி குடுத்து, உங்க கேரக்டர் யாரா இருந்தாங்கன்னு நீங்களே எழுதிக்கச் சொன்னார். 'கடலோரக் கோயில்ல வளர்ந்த பூசாரி, +4'ன்னு எழுதினா, கோயில், கடல், பூசை, கப்பல்காரங்க சம்பந்தமா எது வந்தாலும் அந்த 4ஐச் சேர்த்துக்கலாம். இதைப் படிச்சப்போ எனக்கு என் ஜூனியரோட மூணு பக்க நோட்டு ஞாபகம் வந்தது. அவ எழுதிட்டு வந்ததே அதுதான். நான் அதைப் படிச்சுட்டு "சூப்பர்"னு சொல்லி மூடி வெச்சுட்டு, ஷீட்ல இருந்த எண்ணை மட்டும் கேட்டிருக்கேன்.

அந்த எண்ணோட கதையையும் சொல்லிடுறேன், ஏன்னா நாங்க ஆடினது 2014ஆம் வருஷத்து அஞ்சாம் பதிப்பு. அதுல சமய அறிவு இன்டெலிஜென்ஸைச் சார்ந்தது. ஆனா கிளெரிக்குக்கு மந்திரம் விஸ்டம்ல இருந்து வருது, அதனால எல்லாரும் விஸ்டமை ஏத்திட்டு இன்டெலிஜென்ஸைக் குறைச்சு வைப்பாங்க. அவளுக்கு இன்டெலிஜென்ஸ் 8, அதனால மைனஸ் 1. பயிற்சிக்கு பிளஸ் 2. மொத்தம் பிளஸ் 1. விசார்ட் பையன் சமயம் பக்கமே போனது இல்லை, ஆனா இன்டெலிஜென்ஸ் 16, அதனால சும்மாவே பிளஸ் 3. எட்ட வேண்டிய எண் 15னு வெச்சுக்கோங்க. அவளுக்கு 14க்கு மேல விழணும், வாய்ப்பு 35 சதவீதம். அவனுக்கு 12க்கு மேல விழுந்தா போதும், 45 சதவீதம். சின்ன வயசுல இருந்து கோயில்லயே வளர்ந்தவளைவிட, கோயில் வாசலை மிதிக்காதவனுக்கு வாய்ப்பு அதிகம். 2024ல வந்த திருத்தப் பதிப்புல, கிளெரிக் விரும்பினா ஒரு வழியைத் தேர்ந்தெடுத்து, சமய அறிவுக்கு விஸ்டமையும் சேர்த்துக்கலாம்னு வெச்சிருக்காங்க. பத்து வருஷம் கழிச்சு வந்த பேட்ச்.

பேட்ச் போட்டாலும் 3 விழுந்தா 3தான். டைஸ் விழுந்ததுக்கு அப்புறம் நான் சொன்ன அந்த ஒத்த வார்த்தையை எந்தப் பதிப்பும் என்னைச் சொல்லச் சொல்லல. "தெரியல"ங்கிறது நானா சொன்னது.

அவளுக்கு ஃபோன் பண்ணினேன். முதல்ல "ஆபீஸ்ல ரிலீஸ் டைம் அண்ணா, அதான் வர முடியல"ன்னா. நான் சிலை விஷயத்தைப் பேச ஆரம்பிச்சதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டா: "அது யாரோட சிலைன்னு நீங்க ஏற்கெனவே முடிவு பண்ணிட்டீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா?"

முடிவு பண்ணித்தான் வெச்சிருந்தேன். ரெண்டு பத்தி எழுதி, விசார்ட்டுக்குப் படிச்சும் காட்டியிருந்தேன். "நீ சொல்லு"ன்னேன்.

அந்தச் சனிக்கிழமை வந்தா. நாங்க திரும்ப அந்தக் கோயிலுக்குள்ள போனோம். விசார்ட்டுக்குப் புத்தகத்துல இருந்து தெரிஞ்சது ஒரு பேர்தான், அந்தப் பேர் வெளியூர்க்காரங்க வெச்ச பேர்னு சொன்னா. அந்தக் கையை யாரும் உடைக்கல. புயல்ல போன படகுகளுக்காகக் கரையில இருக்குறவங்க வருஷத்துக்கு ஒரு விரலா செதுக்கி எடுத்து, கயித்துல கட்டிக் கடல்ல இறக்குவாங்க. விரல் தீர்ந்ததும் கை, கை தீர்ந்ததும் ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிடணும்னு அவங்க வேண்டுதல். அதனாலதான் இந்தக் கோயில் பாழா கிடக்கு. டேபிள்ல யாரும் மூச்சு விடல. நான் அடுத்த மூணு வாரத்துக்கு எழுதி வெச்சிருந்த கதையைக் கிழிச்சுப் போட வேண்டியதாப் போச்சு, அதுல ஊரைக் காலி பண்ணினது ஒரு சாதாரண வில்லன்.

எல்லாம் சுபம்னு நினைச்சுடாதீங்க. ஆட்டம் முடிஞ்சு டீ போடுறப்போ விசார்ட் பையன் கிச்சனுக்கு வந்தான். "மச்சான், அவ சொன்னது செம. ஆனா நான் ஆர்கானா, ஹிஸ்டரின்னு பார்த்துப் பார்த்து எடுத்து வெச்சிருக்கேன். சும்மா சொன்னாலே போதும்னா, என் பிளஸ் 5 எதுக்கு?"

நியாயமான கேள்வி. அன்னைக்கு ஹாஸ்டல்ல சீட்டை வாங்கிப் படிச்ச நானும் அதையேதான் கேட்டிருப்பேன். இப்போதைக்கு நாங்க வெச்சிருக்குற ஏற்பாடு: கேரக்டர் வாழ்ந்த வாழ்க்கையில இருந்து வர்றதுக்கு டைஸ் கிடையாது; படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதுக்கு உண்டு, தோத்தாலும் ஏதாவது ஒண்ணு சொல்லியே ஆகணும், 'தெரியல'ன்னு நான் சொல்லக் கூடாது. எது வாழ்ந்தது, எது படிச்சதுன்னு பிரிக்கிறதுல போன வாரமே ஒரு சண்டை ஆச்சு. விசார்ட் சின்ன வயசுல நூலகத்துலயேதான் தூங்குவானாம், அதனால எல்லாமே அவன் 'வாழ்ந்தது'ங்கிறான்.

உங்க டேபிள்ல இதை எப்படிப் பண்றீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடுறேன்.